படத்தில் விழாத காற்று

நம் குழுவில் கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று சில விதிகளை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எழுதிப் பார்த்தேன். எழுதிய ஒவ்வொரு விதிக்கும் ஒரு விலக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஆகவே விதிகளை விட்டுவிட்டு, குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இனிமேல் பதில் சொல்லப் போகிறவர்கள் நீங்கள். இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதும் உங்கள் பொறுப்பு.

ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று நம் பக்கத்துக் காலணி ஆலைகளில் புதிதாகச் சேருகிறவர்கள், வேலையில் ஏதாவது சிக்கினால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அதைப் பார்த்தவுடன் நமக்கெல்லாம் கை துறுதுறுக்கிறது. அந்தத் துறுதுறுப்பைக் குறை சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத ஒருவரின் கஷ்டத்துக்குத் தன் சாப்பாட்டு நேரத்தைக் கொடுக்கிற மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் உதவி என்று நாம் அனுப்பும் ஒரு வார்த்தை மறுமுனையில் யார் கையில் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை நாம் பார்ப்பதே இல்லை. ஒருமுறை அதைக் கூடவே இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

சுகந்தி அணைக்கட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். பட்டப்படிப்பு முடித்தவள். தையல் இயந்திரத்தில் சில ஆண்டுகள் உட்கார்ந்த பிறகு, ஒரு லைனை, அதாவது வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு குழுவை, கவனிக்கும் சூப்பர்வைசராக அவளைச் சோதனை முறையில் நியமித்திருந்தார்கள். அவள் தேறினால் லைன் அவளுடையது. தேறாவிட்டால் அவள் மறுபடி இயந்திரத்துக்குப் போக வேண்டும். அவளுடைய லைனில் இருந்த பெண்களையும் வேறு வேறு லைன்களுக்குப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வேலை செய்து பழகியவர்கள். பிரிவது என்பது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

கத்திரி வெயில் காலம். அன்று பிற்பகல் வெளிநாட்டு வாங்குநரின் சார்பில் ஓர் ஆய்வாளர் வந்து முதல் தொகுதிக் காலணிகளைப் பார்வையிட இருந்தார். காலையில் வேலை தொடங்கிய சிறிது நேரத்தில் சுகந்தியின் படம் குழுவில் வந்தது. பெண்கள் அணியும் ஷூவின் மேல்பாகத் தோல். அதன் ஓரத்தில் ஓடும் தையல், நடுவில் சில இடங்களில் விழாமல் தாண்டிப் போயிருந்தது. "தையல் விட்டு விட்டு விழுது. மதியம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்" என்று எழுதியிருந்தாள்.

பதில்கள் வந்து கொட்டின. ஊசியை மாத்து. நூலை மாத்து. நூல் டென்ஷனை மாத்து. வேகத்தைக் கம்மி பண்ணு. ஊசி நம்பர் மாத்து. குழுவின் அந்தக் காலை நேரத்துப் பேச்சைப் பின்னால் நான் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாப் பதில்களும் 'மாத்து' என்றே முடிந்திருந்தன. கேள்வி கேட்டவர்கள் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு பதிலும் தன்னளவில் சரியானது என்பதுதான் இதில் சங்கடம். ஒவ்வொருவரும் தங்கள் ஆலையில், தங்கள் இயந்திரத்தில் கண்டு தீர்த்த ஒரு கோளாறை நினைவில் வைத்துக்கொண்டு எழுதினார்கள். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை.

நான் அவளை அழைத்தபோது, கழிவறைக்குப் போகும் நடையில் நின்றுகொண்டு அடங்கிய குரலில் பேசினாள்.

"ஊசி மாத்துனா கொஞ்ச நேரம் நல்லா போவுது மேடம். அப்பறம் மறுபடியும் அதே பேஜாரு. நூலு மாத்திட்டேன், டென்ஷனும் மாத்திட்டேன். இப்ப எதுனால நல்லா வருது, எதுனால கெட்டுப்போவுதுன்னே புரியல. மெக்கானிக் அண்ணன் வேற, 'இன்னாம்மா சூப்பர்வைசர், போனு இன்னா சொல்லுது? அதுவே ரிப்பேர் பண்ணிடும்னா நான் டீ குடிக்கப் போறேன்'றாரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. என் மனதிலும் ஒரு பதில் இருந்தது. அந்தத் தோலுக்கு அந்த ஊசி முனை பொருந்தவில்லை என்றே நினைத்தேன். இத்தனை ஆண்டுகள் தரப் பிரிவில் இருந்தவளின் பதில் என்பதால் அவள் அதை மறுபேச்சில்லாமல் செய்திருப்பாள். அது இன்னொரு 'மாத்து' ஆகியிருக்கும். அவளுக்கு ஏற்கனவே பதில்கள் நிறைய இருந்தன. காலையில் அவள் இயந்திரம் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் அவளிடம் இல்லாமல் போயிருந்தது. அதைத்தான் நாம் எல்லோரும் சேர்ந்து, அன்போடு, அவளிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே செய்ததையெல்லாம் திருப்பிவிடச் சொன்னேன். ஊசி, நூல், டென்ஷன், வேகம், எல்லாம் காலையில் எப்படி இருந்ததோ அப்படியே. பிறகு காலையிலிருந்து தைத்ததை எல்லாம் எடுத்து, நன்றாக விழுந்தவற்றை ஒரு பக்கமும் விட்டுப்போனவற்றை ஒரு பக்கமும் பிரித்து வை, பிரித்துவிட்டுக் கூப்பிடு என்றேன். அதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று அவள் மறுபடி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, உன் மேஜையைப் பார்க்காமல் எனக்குத் தெரியாது என்றேன். மூழ்கிக்கொண்டிருப்பவளிடமிருந்து கையை எடுத்துவிட்டதைப் போல எனக்கு இருந்தது.

இனி யாரும் தற்போதைக்கு யோசனை சொல்ல வேண்டாம், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று குழுவில் எழுதினேன். பேரணாம்பட்டைச் சேர்ந்த ஒரு மெக்கானிக் நம் குழுவில் மிகவும் உற்சாகமாகப் பதில் சொல்கிறவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் அனுப்பிய குரல் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. "மேடம், வீடு பத்திக்கினு எரியுது. நீங்க தண்ணி ஊத்தறவனையும் தடுத்து, நெருப்பு எப்டி வந்துச்சுன்னு அந்தப் பொண்ணையே கண்டுபிடிக்கச் சொல்றீங்க. மதியம் இன்ஸ்பெக்‌ஷன். பாடம் எடுக்கற நேரமா இது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. சில நேரங்களில் பாடம் எடுக்கவே கூடாது. ஒருமுறை ஒரு பையன் பசையைக் கரைக்கும் தின்னர் கண்ணில் தெறித்துவிட்டது என்று எழுதினான். அங்கே போய் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பது கொடுமை. தண்ணீரில் கழுவிக்கொண்டே இரு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிவிட்டு, அவன் போய்ச் சேர்ந்தானா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உடம்புக்கு ஆபத்து என்றால் பதில். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் வேலை ஆபத்தில் இருக்கும்போது எது உதவி என்பது அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

காத்திருந்த அந்த நேரத்தில், நான் தையல் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த ஒரு மெக்கானிக்கை நினைத்துக்கொண்டேன். பெயர் சொல்ல வேண்டாம். மிகவும் நல்ல மனிதர். என் இயந்திரம் நின்றால் நான் கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிடுவார். என் முன்னால் குனிந்து, தன் முதுகால் இயந்திரத்தை முழுவதும் மறைத்துக்கொண்டு, ஏதோ செய்து ஓட வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். எதையும் ஒளிக்கும் எண்ணம் அவருக்குக் கிடையாது. படித்த பெண்ணின் கையில் எண்ணெய் படக்கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான். அவர் விடுப்பில் போன ஒரு நாள், அறுந்த நூலைச் சரியான வழியில் கோக்கத் தெரியாமல் நான் மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு லைன் முழுவதும் எனக்காக நின்றது. அவர் மேல் எனக்கு இன்றும் அன்பு உண்டு. ஆனால் பதில் தட்டச்சு செய்யும்போதெல்லாம் அவருடைய முதுகு நினைவுக்கு வருகிறது.

சுகந்தி கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"மேடம், கெட்டுப்போனது எல்லாமே இடது காலு."

எனக்குப் புரியவில்லை. இயந்திரம் ஒன்று, தைப்பவளும் ஒருத்தி. இடது காலுக்கு மட்டும் தையல் எப்படித் தாண்டும்?

"வலதுல ஒண்ணு ரெண்டு இருக்குது. ஆனா அது இடது கட்டு முடிஞ்சு, அடுத்த கட்டுல மொதமொதல்ல தைச்சது. மத்தபடி வலது எல்லாம் சுத்தம்."

அவளுடைய லைனில் ஒரு வழக்கம் உண்டு. தைப்பதற்கு முன் தோலின் உட்புறத்தில் பசை தடவி, உள்துணியை வைத்து ஒட்டுவார்கள். அந்தப் பசையைச் சொல்யூஷன் என்போம். ஜோடிகள் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, இடது கால் துண்டுகளை ஒரு பெண்ணும் வலது கால் துண்டுகளை எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணும் ஒட்டுவார்கள். இடது காலை ஒட்டியவள் எஸ்தர். இதை எனக்குச் சொல்லிக்கொண்டே சுகந்தி ஒட்டும் மேஜைக்கு நடந்து போனாள். இரண்டு பெண்களின் பசை டப்பாக்களிலும் பிரஷ்ஷை விட்டு எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"இந்தப் பக்கம் பாலு மாதிரி ஒழுவுது. எஸ்தர் அக்காது தேன் மாதிரி தொங்குது மேடம். கெட்டியாப் போயிருக்குது. அக்கா அதைத் தடவுறாங்க, அது காயறதுக்குள்ள தையலுக்கு வந்துடுது. ஊசி அதை வாரிக்கினு வருது."

ஊசியில் பசை ஏறினால் தையல் தாண்டும். ஊசியை மாற்றினால் புது ஊசி சிறிது நேரம் சுத்தமாக ஓடும். பிறகு அதுவும் பசை ஏறி அதே கதையாகும். இடது கட்டை முடித்த ஊசியில் ஒட்டியிருந்த பசைதான் அடுத்து வந்த வலதில் ஒன்றிரண்டையும் கெடுத்தது. குழுவின் முதல் பதில் ஒவ்வொரு முறையும் பலித்ததைப் போலத் தோன்றியது இதனால்தான். ஒரே பீப்பாயில் இருந்து ஊற்றிய சொல்யூஷன் எஸ்தரின் டப்பாவில் மட்டும் ஏன் கெட்டியாக வேண்டும் என்று நான் கேட்டேன்.

சுகந்தி எஸ்தரின் மேஜையைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

"ஃபேனு மேடம்" என்றாள் பிறகு. "அக்கா மாசமா இருக்காங்க. போன வாரம் வெக்க தாங்காம மயங்கி உழுந்துட்டாங்க. நான்தான் மேனேஜர் கிட்ட கெஞ்சி ஒரு ஃபேனு வாங்கியாந்து அவங்க பக்கத்துல வெச்சேன். அந்தக் காத்து நேரா டப்பா மேல அடிக்குது."

சொல்யூஷன் காற்றில் சீக்கிரம் இறுகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த மின்விசிறி அங்கே இருக்கிறது என்பது நம்மில் ஒருவருக்கும் தெரியாது. சுகந்தி எடுத்து அனுப்பிய படத்தில் தையல் இருந்தது, தோல் இருந்தது, அவளுடைய கட்டைவிரல் நகம்கூட இருந்தது. காற்று படத்தில் விழாது. எஸ்தரின் வயிற்றில் வளர்ந்த பிள்ளையும் விழாது. அது தெரிந்தவள் அந்த லைனிலேயே நின்றுகொண்டிருந்தாள். தெரிந்ததைப் பார்ப்பதற்குத்தான் நாம் நேரம் விடவில்லை.

என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளே போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததை அவள் மாலையில் பேருந்தில் போகும்போது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காலையில் ஊற்றியதை அப்புறப்படுத்திவிட்டுப் புதிதாகக் கொஞ்சமாக ஊற்றினாளாம். யாரோ சாப்பாட்டோடு கொண்டு வந்திருந்த ஊறுகாய் டப்பாவின் மூடி, எஸ்தரின் டப்பா வாய்க்குச் சரியாகப் பொருந்தியது. பிரஷ் மட்டும் போகிற அளவுக்கு அதில் ஒரு துளை போட்டுக் கொடுத்தவர், போனை வைத்துக் கேலி செய்த அதே மெக்கானிக். "உன் போனுக்கு ஓட்ட போடத் தெரியாது இல்ல" என்று சொல்லிக்கொண்டே போட்டாராம். எஸ்தர் யாரும் சொல்வதற்கு முன்பே எழுந்து ஃபேனின் சுவிட்சை அணைக்கப் போயிருக்கிறாள். சுகந்தி அவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள்.

பிறகு மேனேஜர் வந்தார். ஆய்வாளர் வரும் நேரம் நெருங்கிவிட்டது. என்ன கோளாறு என்று கேட்டார். எஸ்தரின் சொல்யூஷன் என்று சொல்லியிருந்தால் அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். "நான் வெச்ச ஃபேனு சார்" என்று சுகந்தி சொன்னாள். அப்படியானால் முதலில் அந்த ஃபேனை எடுத்து ஓரமாக வை, ஆய்வு முடிகிற வரைக்கும் யாரும் சோதனை செய்துகொண்டிருக்க வேண்டாம் என்றார் அவர். சோதனைக் காலத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மேனேஜரின் அந்த வாக்கியம் உத்தரவுதான்.

"ஃபேனு இருக்கட்டும் சார்" என்றாளாம். "காத்து சொல்யூஷன் மேல பட்டாதான் தப்பு. அக்கா மேல படலாம். மூடி போட்டுட்டோம். உங்க கண்ணு முன்னாடியே இடது காலு ஒரு கட்டு தைக்கச் சொல்றேன். ஒரு தையல் விட்டாலும் நானே ஃபேனைத் தூக்கினு வந்து உங்க ரூம்ல வெச்சுடறேன்."

தைத்தார்கள். மேனேஜர் ஒவ்வொரு துண்டாகக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவர் கடைசித் துண்டையும் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பகலில் ஆய்வாளர் பார்த்த ஜோடிகளும் தேறின. அந்த லைன் இன்று சுகந்தியுடையது. பெண்களை யாரும் பிரிக்கவில்லை. எஸ்தர் பேறுகால விடுப்பு முடிந்து திரும்பி வந்து, அதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இதில் நான் அடிக்கடி யோசிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தக் காலையில் நம்மில் யாரோ ஒருவர் குருட்டாம்போக்கில் சரியான பதிலையே சொல்லியிருந்தால்? 'பசை கெட்டியாக இருக்கும், காற்றுப்படாமல் பார்த்துக்கொள்' என்று எழுதியிருந்தால்? தையல் சரியாகியிருக்கும். ஆனால் அவள் முதல் வேலையாக ஃபேனை எடுத்திருப்பாள். நாம் சொன்னது அதுதானே. எஸ்தர் அந்த வெயிலில் காற்றில்லாமல் உட்கார்ந்திருப்பாள், நாம் இங்கே ஒருவருக்கொருவர் கைதட்டும் படங்களை அனுப்பிக்கொண்டிருப்போம். மேனேஜர் எடு என்று சொன்னபோது அவளால் மறுத்து நிற்க முடிந்ததற்குக் காரணம் தைரியம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். எது தப்பு, எது தப்பு இல்லை என்பதை இரண்டு டப்பாக்களிலும் பிரஷ்ஷை விட்டுத் தன் கையால் பிரித்துப் பார்த்திருந்தாள். இரவல் வாங்கிய பதிலைச் செய்து பார்க்கலாம். அதை வைத்துக்கொண்டு இன்னொருவருக்காக வாதாட முடியாது.

ஆகவே, நீங்கள் பதில் சொல்லவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டவரை வேண்டுமென்றே தவிக்க விடுவதும் ஒருவகை ஆணவம்தான். அதைக் கற்பித்தல் என்று பெயரிட்டு அழைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அன்று நான் சுகந்தியிடம் எனக்குத் தெரியாது என்று சொன்னேனே, அது தந்திரம் இல்லை. உண்மையிலேயே தெரியாது. நமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதன் பிறகும் இணைப்பிலேயே இருப்பது கடினமான வேலை. அதை நீங்கள் பழகிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

சில நாள் கழித்து, எல்லோரும் கேட்டதற்காக, சுகந்தி அந்த ஊறுகாய் மூடியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். பாராட்டுகள் குவிந்தன. என்னிடம் கோபித்துக்கொண்ட பேரணாம்பட்டு மெக்கானிக்கும் வந்தார்.

"சூப்பர்மா. எங்க யூனிட்டுக்கும் இதே மாதிரி வேணும். அந்த மூடி எந்தக் கடைல கெடைக்கும், அதை மட்டும் சொல்லு."

அவள் தட்டச்சு செய்துகொண்டிருப்பது திரையில் தெரிந்தது. நின்றது. மறுபடி தெரிந்தது.

"சொல்றேன் அண்ணா. மொதல்ல உங்க டப்பா வாய் எவ்ளோ அகலம், பாத்தீங்களா?"